டர்பன் கடற்கரையும் கிரே தெருவும்: ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் காரைக்குடிப் பக்கம். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனுக்கு வந்து 17 வருஷம் ஆகிறது. மனைவி இங்கேயே நாலாம் தலைமுறை. வருஷத்துக்கு நாலைந்து குடும்பமாவது ஊரிலிருந்து வந்து இறங்கும்; ஒன்று சொந்தம், இல்லையென்றால் சொந்தத்துக்குச் சொந்தம். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் தட்டித் தட்டி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

டர்பன்ல சுத்திப் பார்க்கிற இடம்னா எது? மெரினா மாதிரி ஒரே பீச்சா?

கோல்டன் மைல் என்பார்கள். பெயர்தான் மைல், நடந்தால் ஆறு கிலோமீட்டருக்கு மேல் வரும். தெற்கே துறைமுக வாயில், வடக்கே உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூன். இடையில் அடிங்டன், சவுத் பீச், நார்த் பீச், பே ஆஃப் ப்ளென்டி, பேட்டரி பீச் என்று துண்டு துண்டாகப் பெயர்கள். மணலை ஒட்டி அகலமான நடைபாதை ஓடுகிறது, கார் வராது. காலையில் ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், பிரார்த்தனைக்கு வெள்ளை அங்கியோடு வரும் ஜூலு இனத்துச் சபைக்காரர்கள், மணலில் சிங்கமும் முதலையும் செய்து வைத்துச் சில்லறை கேட்கும் இளைஞர்கள் எல்லோரும் அதில்தான்.

ஆனால் டர்பனை இதோடு முடித்துக்கொண்டு போகிறவர்கள் பாதி ஊரைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி. கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் கிரே தெருவும், விக்டோரியா தெரு மார்க்கெட்டும், வார்விக் சந்திப்பும் இருக்கின்றன. நம் ஆட்களின் டர்பன் அதுதான். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் கடற்கரை, கிரே தெருப் பகுதி என்ற இந்த இரண்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எந்த மாசம் வந்தா நல்லது?

மே முதல் ஆகஸ்ட் வரை. இங்கே அது குளிர்காலம். ஆனாலும் பகலில் 22, 23 டிகிரி இருக்கும், மழை குறைவு, கடலும் குளிராது. இந்தியப் பெருங்கடலின் சூடான நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டி ஓடுவதால் வந்த பாக்கியம். டிசம்பர், ஜனவரியில் நம்ம ஊர் மே மாதப் புழுக்கம், கூடவே மழை. அந்தச் சமயம் ஜோகன்னஸ்பர்க்கே கடற்கரைக்கு இறங்கி வந்துவிடும், அறை வாடகையும் ஏறிவிடும்.

ஜனவரி 1 அன்று மட்டும் கடற்கரைப் பக்கம் வராதீர்கள். காணாமல் போகும் குழந்தைகளைச் சேர்த்துவைக்கக் கையில் பட்டை கட்டி அனுப்பும் அளவுக்குக் கூட்டம். ஜூலை முதல் சனிக்கிழமை "டர்பன் ஜூலை" என்ற குதிரைப் பந்தயம். அந்த வாரமும் அறை கிடைப்பது சிரமம்.

ஏர்போர்ட்ல இருந்து எப்படி வர்றது?

கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். 2010 கால்பந்து உலகக் கோப்பைக்காகத் திறந்தது. ஊபர் அல்லது போல்ட் போட்டு வாருங்கள். வெளியே வந்ததும் "டாக்ஸி, டாக்ஸி" என்று பெட்டியைப் பிடிக்க வருபவர்களோடு போகவேண்டாம். என் மாமனாரின் தம்பி அப்படிப் போய் மூன்று மடங்கு கொடுத்தார். கடைசிவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை, ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

சிம் கார்டு விமான நிலையத்திலேயே வாங்கலாம். பாஸ்போர்ட்டும், தங்கப்போகும் இடத்தின் முகவரியும் கேட்பார்கள். ஹோட்டல் பதிவுத் தாளைக் கையில் வைத்திருங்கள்.

நம்ம சார்ஜர் அங்க வேலை செய்யுமா?

மின்சாரம் 230 வோல்ட், அதில் பிரச்சினை இல்லை. சுவரில் இருப்பது நம்ம ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய மூன்று குண்டு முனை ஓட்டை. செல்போன் சார்ஜர் அதில் நிற்காது. வரும்போதே ஒரு பெரிய முனை அடாப்டர் வாங்கி வந்துவிடுங்கள்.

கடல்ல இறங்கலாமா? சுறா இருக்குன்னு யூடியூப்ல பார்த்தோம்.

இருக்கிறது. 1943 முதல் 1951 வரை டர்பன் கடற்கரையில் ஏழு பேர் சுறாவுக்குப் பலியானார்கள். 1952இல் வலை போட்டார்கள். அதற்குப் பிறகு இங்கே சுறாவால் ஒரு சாவும் இல்லை. வலையைப் பராமரிப்பதற்கென்றே ஒரு வாரியம் உம்ஷ்லாங்காவில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரமாக வரும்போது அதன் பின்னால் சுறாவும் டால்பினும் வரும். அப்போது வலையை எடுத்துவிட்டுக் குளிக்கத் தடை போடுவார்கள். அந்தச் சமயம் குளியல் போனால் போகட்டும், மீன் பிடிப்பதை வேடிக்கை பாருங்கள். படகில் போய் வலையை வளைத்துப் போட்டு, கரையிலிருந்து ஊரே சேர்ந்து இழுக்கும். அந்த வலைத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களில் நம் குடும்பங்கள் உண்டு.

சுறாவைவிட நான் பயப்படுவது ஆளைக் கடலுக்குள் இழுக்கும் தண்ணீர் இழுவைக்குத்தான். இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். அங்கேதான் உயிர்காப்பாளர் பார்வை இருக்கும். மெரினாவில் புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறோமே, அது போதும். இன்னொன்று: பெருமழைக்கு மறுநாள் இறங்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து கடற்கரையை மாதக்கணக்கில் மூடினார்கள். இப்போதும் அவ்வப்போது தண்ணீர் கெட்டுச் சில பீச்சை மூடுவது உண்டு. பலகையைப் பாருங்கள், இல்லையென்றால் உயிர்காப்பாளரைக் கேளுங்கள்.

குழந்தைங்களை எங்க கூட்டிட்டுப் போறது?

உஷாகா மரைன் வேர்ல்ட், தெற்கு முனையில். 2004இல் திறந்தது. மூழ்கிய கப்பலுக்குள் நடப்பது போல மீன் காட்சியகத்தைக் கட்டியிருக்கிறார்கள். பெரியவர்களே வாயைப் பிளப்பார்கள். டால்பின் காட்சியும் நீர்ச்சறுக்கும் தனி. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கடைத்தெரு பகுதிக்கு மட்டும் போக டிக்கெட் வேண்டாம்.

காசு செலவழிக்க மனமில்லையா? நடைபாதையை ஒட்டி ஆழமில்லாத சின்னக் குளங்கள் இருக்கின்றன, இலவசம். என் இரண்டு பிள்ளைகளும் நீந்தப் பழகியது அங்கேதான்.

கொம்பு வச்ச ரிக்ஷாக்காரர் போட்டோ எடுத்ததுக்குக் காசு கேட்கிறாரே?

கேட்கத்தான் செய்வார், அது அவர் தொழில். 1892இல் சர்க்கரை ஆலை முதலாளி ஒருவர் கைரிக்ஷாவை இங்கே கொண்டுவந்தார். ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஓடியது. இப்போது மிஞ்சியிருப்பது கடற்கரையில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மணியும் இறகும் மாட்டுக்கொம்புமாக அந்தத் தலைப்பாகையைச் சுமந்துகொண்டு ஆளையும் இழுக்கிறார்கள். எடுப்பதற்கு முன்னால் எவ்வளவு என்று பேசிவிடுங்கள். எடுத்த பிறகு பேரம் பேசுவது அழகில்லை.

உண்மையைச் சொல்லுங்க அண்ணே, பயமில்லாம நடக்கலாமா?

இதைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை. பகலில் கடற்கரை நடைபாதையில் நடக்கலாம். நானும் மனைவியும் வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு நடக்கிறோம். இருட்டிய பிறகு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டும் இருங்கள். கடற்கரையிலிருந்து நகரத்துக்குள் போகும் குறுக்குத் தெருக்களில் ராத்திரி நடக்கவே வேண்டாம், பத்து நிமிஷத் தூரமானாலும் ஊபர் போடுங்கள்.

திருட்டு இங்கே பெரும்பாலும் கைபேசிக்காக. நடைபாதையில் நின்று வரைபடம் பார்ப்பது, சிக்னலில் காரின் ஜன்னலை இறக்கிவிட்டுப் பேசுவது (சிக்னலை இங்கே ரோபோ என்பார்கள், "அடுத்த ரோபோவில் திரும்பு" என்றால் மிரளாதீர்கள்), இருக்கையில் பையை வைத்துவிட்டு இறங்குவது, இந்த மூன்றையும் விட்டாலே பாதி ஆபத்து போய்விடும். ஏடிஎம்மில் யாராவது உதவ வந்தால், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், கார்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் கார் கதவு. ரிமோட்டை அழுத்தினால் மட்டும் போதாது, கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். ரிமோட் அலையைத் தடுக்கும் கருவியோடு பார்க்கிங்கில் நிற்கும் கும்பல் உண்டு. மதுரையிலிருந்து வந்த என் மச்சான் அழுத்திவிட்டு நடந்தார். விளக்கு மின்னியதா என்று பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது கார் இருந்தது, பை இல்லை. ஊருக்கு வாங்கிய மசாலா பாக்கெட்டுகளை மட்டும் இருக்கையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

தாலிச் சங்கிலியைக் கழற்றணுமா?

இதை அக்காமார்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். கழற்றவேண்டாம், ஆனால் வெளியே தெரியவேண்டாம். கனமான சங்கிலியை அறையிலோ, அதைவிட நல்லது ஊரிலேயோ விட்டுவிட்டு, மஞ்சள் கயிற்றில் கோத்து உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். இங்குள்ள நம் பெண்கள் பலரும் நகரத்துக்குள் போகும்போது அப்படித்தான் செய்கிறார்கள். கல்யாண வீட்டில் பார்த்தால் கழுத்து கொள்ளாமல் போட்டிருப்பார்கள், அது வேறு.

ஒரே தெருவுக்கு ரெண்டு பேரு சொல்றாங்க. மேப்ல கிரே தெருன்னு தேடினா குழப்புதே?

நிறவெறி ஆட்சி போனபிறகு, 2008 வாக்கில், நகரத் தெருக்கள் பலவற்றுக்குப் பெயர் மாற்றினார்கள். பலகையில் புதுப் பெயர், ஜனங்கள் வாயில் பழைய பெயர். கிரே தெரு இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு. விக்டோரியா தெரு பெர்த்தா முகீஸே தெரு. வெஸ்ட் தெரு டாக்டர் பிக்ஸ்லி காசேமே தெரு. ஸ்மித் தெரு ஆன்டன் லெம்பேடே தெரு. பைன் தெரு மான்டி நாயக்கர் ரோடு. நேட்டால் இந்தியக் காங்கிரஸை நடத்திய டாக்டர். பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் குணம் தெரு. வெள்ளையர் அரசை எதிர்த்துப் பலமுறை சிறை போன பெண் மருத்துவர்.

பாயின்ட் ரோட்டுக்கு மகாத்மா காந்தி ரோடு என்று பெயர் வைத்தார்கள். போதைக்கும் பாலியல் தொழிலுக்கும் பேர்போன ரோடு அது. காந்திக்கு இதைவிட நல்ல ரோடு கிடைக்கவில்லையா என்று இங்குள்ள பெரியவர்கள் இன்னும் முணுமுணுப்பார்கள். ஓட்டுநரிடம் பழைய பெயரைச் சொல்லுங்கள், வரைபடத்தில் புதுப் பெயரைத் தேடுங்கள்.

கிரே தெருவுல பார்க்க என்ன இருக்கு? வெறும் கடைதானே?

கடைதான். ஆனால் ஏன் அங்கே மட்டும் நம் கடைகள் என்று கேட்டுப்பாருங்கள். வெள்ளையர் கடைவீதியான வெஸ்ட் தெருவில் இந்தியர் வளரக்கூடாது என்று சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு நெருக்கியதில் உருவான பேட்டை இது. ஜும்மா மசூதி, அதை ஒட்டி இமானுவேல் கதீட்ரல், இரண்டுக்கும் நடுவில் மதரஸா ஆர்கேட் என்ற நீளமான சந்து. அந்தச் சந்துக்குள் நுழைந்து கதீட்ரல் பக்கம் வெளியே வாருங்கள். துணி, மணி, பாத்திரம், ஜூலு மணிமாலை, தொப்பி, பூட்டு என்று பாண்டி பஜாரைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். மசூதிக்குள் பார்வையாளரை அனுமதிப்பார்கள்; தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஊரே அடங்கிவிடும். சனிக்கிழமை காலை பத்து மணி சரியான நேரம்.

மார்க்கெட்ல மசாலா வாங்கலாமா, இல்லை அது டூரிஸ்டுக்கு வச்ச கடையா?

இரண்டும். விக்டோரியா தெரு மார்க்கெட்டின் வேர் 1910இல். பழைய கட்டடம் 1973இல் எரிந்து போனது. இப்போதிருக்கும் கோபுரம் வைத்த கட்டடம் 1990இல் வந்தது. உள்ளே மசாலாவைக் கும்பம் கும்பமாகக் குவித்து, மேலே பெயர் அட்டை குத்தியிருப்பார்கள். "மாமியார் ஒழிப்பு மசாலா" என்று ஒன்று இருக்கும், நன்றாகக் காரம். என் மாமியாரே அதைத்தான் வாங்குவார். வெள்ளைக்காரச் சுற்றுலாக் கூட்டம் நிற்கும் முன்வரிசைக் கடைகளில் விலை கூட. உள்ளே தள்ளிப் போய்க் கேளுங்கள்.

நிஜமான சந்தை பார்க்கவேண்டுமென்றால் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் வார்விக்கில் இருக்கும் எர்லி மார்னிங் மார்க்கெட். பெயருக்கு ஏற்றபடி விடியற்காலையில் போகவேண்டும். நம் ஆட்கள் தோட்டம் போட்டுக் காய்கறி கொண்டுவந்து விற்றதில் வளர்ந்த சந்தை. 2009இல் இதை இடித்து மால் கட்டப் பார்த்தார்கள். இந்திய, ஆப்பிரிக்க வியாபாரிகள் ஒன்றாக நின்று தடுத்தார்கள். இங்கே கீரைக்கு "ஹெர்ப்ஸ்" என்று பெயர். சிவப்பு ஹெர்ப்ஸ், மேத்தி ஹெர்ப்ஸ் என்று கேட்டால் கட்டுக் கட்டாக எடுத்துப் போடுவார்கள். சேப்பங்கிழங்குக்கு மடும்பி. கட்ரா பீன்ஸ் என்று சிவப்புப் புள்ளி போட்ட, காயாத பீன்ஸ் ஒன்று கிடைக்கும். தங்கும் இடத்தில் அடுப்பு இருந்தால் வாங்கிவிடுங்கள்.

வார்விக்கைத் தனியாகச் சுற்ற முதல்முறை வருகிறவர்களை நான் விடுவதில்லை. பஸ், ரயில், மினிபஸ் எல்லாம் கூடும் இடம், நெரிசல் அதிகம். சந்தைகளை நடத்திக் காட்டும் உள்ளூர் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களோடு போங்கள். ஜூலு நாட்டு மருந்து விற்கும் முத்தி சந்தையில் வேர், பட்டை, பாம்புத்தோல் எல்லாம் தொங்கும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அங்கே அது பெரிய மரியாதைக்குறைவு.

'பன்னி சௌ' சாப்பிடச் சொல்றாங்க. அது பன்றிக் கறியா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன் என்று சொல்லலாம். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, கடை வாசலில் பெயரைப் படித்துவிட்டு உள்ளே வரவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். பன்றியும் இல்லை, ஆங்கிலத்தில் சொல்கிற முயலும் இல்லை. பனியா என்ற வியாபாரிச் சொல் மருவி வந்தது என்பது இங்கே அதிகம் சொல்லும் கதை. வெட்டாத வெள்ளை ரொட்டியைக் குறுக்கே அறுத்து, நடுவைக் குடைந்து, உள்ளே கறிக்குழம்பை ஊற்றித் தருவார்கள். தட்டு, கரண்டி எதுவும் வேண்டாம். நிறவெறிக் காலத்தில் கறுப்பினத் தொழிலாளியை உணவகத்துக்குள் உட்காரவைக்க முடியாதபோது கையில் கொடுத்தனுப்ப வசதியாக வந்தது என்று இன்னொரு கதையும் உண்டு.

கேட்கும் முறை: "குவார்ட்டர் மட்டன்." அதாவது கால் ரொட்டியில் ஆட்டுக்கறி. பன்னி என்ற சொல்லையே உள்ளூர்க்காரர் கடையில் சொல்லமாட்டார். ஒரு ஆளுக்குக் கால் போதும், அரை கேட்டுவிட்டுத் திணறாதீர்கள். குடைந்தெடுத்த நடு ரொட்டியை மேலே மூடியாக வைத்திருப்பார்கள். அதை முதலில் குழம்பில் தொட்டுத் தின்று, பிறகு ஓரத்தை மேலிருந்து கீழாகப் பிய்த்துக்கொண்டே வரவேண்டும். அடிப்பக்கத்தை முதலில் கிழித்தால் மடி நனையும். கூட வரும் கேரட், வெங்காயம், பச்சை மிளகாய்த் துருவலுக்குச் சம்பல் என்று பெயர்.

நாங்க சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. மேலே சொன்னதில் மட்டனுக்குப் பதில் "குவார்ட்டர் பீன்ஸ்" கேளுங்கள். சர்க்கரை பீன்ஸ் குழம்பு, விலையும் குறைவு. எனக்குக் கேட்டால் மட்டனைவிட அதுதான் ருசி. டர்பனில் இந்தியர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஹரே கிருஷ்ணா கோயில் (1985இல் திறந்தது, தாமரைக் குளத்து நடுவில் நிற்கும் கட்டடம்) வளாகத்திலேயே சைவ உணவகம் உண்டு.

செப்டம்பர், அக்டோபரில் வந்தால் இன்னும் சுலபம். புரட்டாசியை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் விடாமல் பிடிப்பார்கள். "பர்டாசி" என்று உச்சரிப்பு மாறியிருக்கும், விரதம் மாறவில்லை. அந்த மாதம் நம் ஆட்கள் நடத்தும் கடைகளில் சைவப் பலகாரம் கூடுதலாக இருக்கும்.

அங்க இருக்கிற தமிழங்க தமிழ் பேசுவாங்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். பேர் பிள்ளே, நாயுடு, கோவெண்டர், மூட்லி, படையாச்சி என்று இருக்கும். பேச்சு முழுக்க ஆங்கிலம். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு இங்கே வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள். பள்ளியில் தமிழ் இல்லாமல் நாலைந்து தலைமுறை போனால் மொழி என்ன ஆகும்? "நீ தமிழனா, தமிழ் தெரியாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். என் சித்தப்பா ஒரு விருந்தில் கேட்டுவிட, நான் தலைகுனிந்து உட்கார்ந்தேன்.

மொழி போனாலும் மீதி போகவில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், "போரிட்ஜ் பிரேயர்" என்று பெயர். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள், கேட்டால் கண் கலங்கும். அண்ணா, அக்கா, தாத்தா எல்லாம் வீட்டுக்குள் அப்படியே இருக்கிறது. கடையில் வயதானவர்களை "அங்கிள்", "ஆன்ட்டி" என்று கூப்பிடுங்கள், அதுதான் இங்கே மரியாதை. ஜூலுக்காரர்களிடம் "சவுபோனா" என்று வணக்கம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு முகம் மலர்வதைப் பாருங்கள்.

அப்ப கோயில் எங்க?

ஊபரில் பத்து இருபது நிமிஷத்தில் உம்கேனி ரோடு கோயில். சிவன், பெருமாள், மாரியம்மன் எல்லோரும் ஒரே வளாகத்தில். நேரமிருந்தால் கேட்டோ மேனரில் அம்பலவாணர் ஆலயம். 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த பழைய கோயில் 1905 வெள்ளத்தில் போனது. இப்போதைய கட்டடம் 1947இல் வந்தது. புனித வெள்ளி அன்று தீமிதி நடக்கும். விடுமுறை கிடைப்பது அன்றைக்குத்தான் என்பதால் ஈஸ்டரில் மாரியம்மன் திருவிழா வைத்துப் பழகிய ஊர் இது.

மினிபஸ் டாக்ஸியில ஏறலாமா?

உள்ளூர்க்காரர் கூட இருந்தால் ஏறுங்கள், ஒரு அனுபவம். எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை விரலால் காட்டி நிறுத்தவேண்டும். காசு பின்னாலிருந்து கைமாறிக் கைமாறி முன்னால் போகும். முன் இருக்கையில் உட்கார்ந்தவர்தான் கணக்குப் பார்த்துச் சில்லறை திருப்பித் தரவேண்டும். ஆகவே கணக்கு வராதவர்கள் முன்னால் உட்காராதீர்கள். தனியாக வருகிறவர்களுக்கு ஊபர் போதும்.

டிப்ஸ் எவ்வளவு? எல்லா இடத்துலயும் ஒருத்தர் பச்சைச் சட்டை போட்டுட்டு நிக்கிறாரே?

உணவகத்தில் பத்து சதவீதம். கூசாமல் கொடுங்கள், பரிமாறுகிறவர்களின் வருமானம் பெரும்பாலும் அதுதான். ஒளிரும் சட்டைக்காரர் கார் காவலர். திரும்பி வந்ததும் ஐந்து பத்து ராண்டு. அவர் இருந்தாலும் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள், மேலே மச்சான் கதை படித்தீர்களே.

பெரிதாக ஏதாவது வாங்கினால் வரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 15 சதவீத வாட் வரியை நாட்டை விட்டுப் போகும்போது விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம். பொருளையும் காட்டவேண்டும், ஆகவே பெட்டியைப் போடுவதற்கு முன்னால் போங்கள்.

ஸ்டேடியம் மேல ஏறலாமாமே?

மோசஸ் மபிதா அரங்கம், கடற்கரையிலிருந்தே வளைவு தெரியும், 106 மீட்டர் உயரம். வளைவில் ஏறும் வண்டி சில காலம் ஓடும், சில காலம் நிற்கும். கேட்டுவிட்டுப் போங்கள்.

காந்தி இருந்த இடம் பார்க்கணும். பீச்சுக்குப் பக்கமா?

இல்லை, வடக்கே இனாண்டாவில். 1904இல் அவர் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு. 1985 கலவரத்தில் எரிந்து, பிறகு திரும்பக் கட்டினார்கள். சொந்தமாகப் போகாமல் வழிகாட்டியோடு போங்கள். ரயிலிலிருந்து தள்ளிவிட்ட கதை நடந்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், 1893 ஜூன் 7. அது சுமார் ஒரு மணி நேரப் பயணம், தனி நாள். நம் கூலிக் கப்பல் வரலாறு பார்க்கவேண்டுமென்றால் ஊருக்குள்ளேயே டெர்பி தெருவில் 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது. வார நாளில் போங்கள்.

நிறவெறிக் காலத்துல நம்ம ஆளுங்க இந்தப் பீச்சுக்கு வர முடியாதாமே, நிஜமா?

நிஜம். கடற்கரையைத் துண்டு போட்டு இனத்துக்கு ஒன்றாகப் பிரித்திருந்தார்கள். நல்ல மணலும் உயிர்காப்பாளரும் சுறா வலையும் இருந்த நடுப்பகுதி வெள்ளையருக்கு. நமக்கு வடக்குப் பக்கம் ஒரு துண்டு. எல்லோருக்கும் திறந்தது 1989இல்தான்.

மனைவியின் பாட்டி பிறந்தது மேகசின் பேரக்ஸில். நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்களாக இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களின் வரிசை வீடுகள். இன்றைய அரங்கத்துக்குப் பக்கத்தில், கடல் நடந்துபோகும் தூரம். அறுபதுகளில் அந்தக் குடியிருப்பையே காலி செய்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். பாட்டியின் அப்பா நார்த் பீச்சைத் தினமும் கூட்டினார். குடும்பத்தோடு அங்கே உட்கார அனுமதி கிடையாது. திறந்த பிறகு முதல் ஞாயிறு பாட்டி புடவையோடு அங்கே போய்க் கால் நனைத்தாராம். "தண்ணி எங்க பக்கத்துல இருந்த மாதிரியே தாண்டா இருந்துச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். தமிழ் பேசத் தெரிந்த கடைசி ஆள் அந்த வீட்டில் அவர்தான்.

சாயங்காலம் பிளைட். கையில ரெண்டு மணி நேரம் இருக்கு, எங்க போறது?

பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரு குவார்ட்டர் பீன்ஸ் கட்டிக்கொண்டு ப்ளூ லகூன் போங்கள். விமான நிலையத்துக்குப் போகும் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது, சுற்றவேண்டியதில்லை. ஆறு கடலில் கலக்கிற இடத்தில் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள். ஞாயிறு என்றால் பக்கத்துக் காரில் ஒரு நாயுடு குடும்பமோ கோவெண்டர் குடும்பமோ அதையேதான் செய்துகொண்டிருக்கும். ஊர் எது என்று கேட்பார்கள். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா ஊர்ப் பெயர் எழுதிய கப்பல் பட்டியலைக் கைபேசியில் காட்டி, இது எங்கே இருக்கிறது, தெரியுமா என்பார்கள். தெரிந்தால் சொல்லிவிட்டு வாருங்கள். விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் மட்டும் கிளம்பிவிடுங்கள்.